டெல்டாவில் மீன்பாசிக் குத்தகை: ஏரி, குளம் ஏலத்துக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் குளமில்லாத ஊரைப் பார்ப்பது அரிது. அந்தக் குளத்தில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை, மீன்பாசிக் குத்தகை என்ற பெயரில், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஏலத்துக்கு வருகிறது. அதை எடுத்துப் பழகியவர்கள் நடைமுறையை வெளியே சொல்வதில்லை. அலுவலகங்களிலோ நீங்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கும், கேட்கத் தெரியாத கேள்விக்குப் பதில் கிடைக்காது. நான் மேசைக்கு மேசை அலைந்து தெரிந்துகொண்டதை, இந்தத் தொழிலில் புதிதாக இறங்கும் இளைஞர்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் பயன்படும்படி வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன்.

படிக்கத் தொடங்கும் முன்பு ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குத்தகை ஓடுவது பசலி என்னும் வருவாய்த்துறை ஆண்டுக் கணக்கில். குளம் நிறைவது ஆற்றில் தண்ணீர் விடுவதையும் ஐப்பசி மழையையும் பொறுத்து. இந்த இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை என்பதை ஏலத்துக்கு முன்பே உணர்ந்தவர்தான் போட்ட பணத்தை மீட்கிறார்.

1. குளம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள்

ஊரார் எல்லாவற்றையும் 'நம்ம ஊர்க் குளம்' என்றே சொல்வார்கள். ஆனால் ஏலம் விடும் அதிகாரம் குளத்துக்குக் குளம் மாறும். 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத்துறையின் பராமரிப்பில் இருப்பவை. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. ஊருக்குள் இருக்கும் குட்டைகளையும் குளங்களையும் ஊராட்சி மன்றம் கவனிக்கிறது. கோயில் குளம் என்றால் இந்து சமய அறநிலையத்துறையின் கீழ் வரும் அந்தக் கோயிலின் செயல் அலுவலரிடம் போக வேண்டும். பெரிய ஏரிகள் சிலவற்றின் மீன்பிடி உரிமையை மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை கையாள்கிறது. அத்தகைய இடங்களில் உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை தரப்படுவது உண்டு என்பதால், தனிநபர் கலந்துகொள்ள முடியுமா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வாய்ச்சொல்லை நம்பாமல் ஆவணத்தைப் பாருங்கள். வருவாய்த்துறையின் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்தால் 'அ' பதிவேட்டு விவரம் கிடைக்கும். அதில் நிலம் ஏரிப் புறம்போக்கா, குளப் புறம்போக்கா, கோயில் பெயரில் உள்ளதா என்பதும் பரப்பும் தெரியும். புல எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். பரப்பைக் குறித்துக்கொள்வது மிகவும் அவசியம். கண்ணுக்குப் பத்து ஏக்கராகத் தெரியும் குளத்தில், கரையும் ஆக்கிரமிப்பும் மேடும் போகத் தண்ணீர் நிற்கும் பரப்பு பாதியாக இருப்பது டெல்டாவில் சாதாரணம்.

சில நீர்நிலைகளின் பக்கமே போகாதீர்கள். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகள் பறவைகள் சரணாலயங்கள். இரண்டும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்க்கப்பட்டவை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் இத்தகைய இடத்தில் 'உள்குத்தகை தருகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால், கொடுக்கும் பணத்துக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

2. தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும் என்று கணக்கிடுங்கள்

பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. 2025 ஜூலையில் தொடங்கியது 1435ஆம் பசலி. ஓராண்டுக் குத்தகை என்று எழுதியிருந்தால், நீங்கள் எந்த நாளில் பணம் கட்டினாலும் அது பெரும்பாலும் அடுத்து வரும் ஜூன் 30உடன் முடிந்துவிடும். ஆகஸ்டு இறுதியில் நடக்கும் மறு ஏலத்தில் எடுத்தவருக்கும் அதே ஜூன் 30தான். தள்ளிப்போன ஏலத்தில் தொகை குறைவாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுவே.

இனி ஆற்றுக் கணக்கு. மேட்டூர் அணை திறக்கப்படும் வழக்கமான நாள் ஜூன் 12. மூடப்படும் நாள் ஜனவரி 28. இது ஏட்டில் உள்ள கணக்கு. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் நீரில்லாமல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. அணையைத் திறந்து, கல்லணைக்கு வந்து, ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குப் பிரிந்து, நாற்றங்காலுக்கும் நடவுக்கும் போக மிஞ்சியதுதான் குளத்துக்கு வரும். கல்லணைக்கு அருகில் உள்ள ஊர்களுக்கு ஜூலையிலேயே நீர் ஏறலாம். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைப் பகுதியான பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் குளத்தை நிரப்பும். முறை வைத்துத் தண்ணீர் விடும் ஆண்டுகளில் குளத்துக்குத் திருப்பிவிட விவசாயிகள் சம்மதிக்க மாட்டார்கள், அது நியாயமும்கூட.

ஆகவே கரையில் வீடு வைத்திருக்கும் பெரியவர்கள் இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாக இவற்றைக் கேளுங்கள்: எந்த மாதம் நீர் ஏறுகிறது, பொங்கலுக்கு எவ்வளவு ஆழம் நிற்கிறது, பங்குனியில் மாடு நடுக்குளத்தில் இறங்கிக் கடக்க முடியுமா, கோடையில் வண்டல் மண் எடுக்கிறார்களா. மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலே குளத்தின் உண்மையான ஆழத்தைச் சொல்லிவிடும். வட்டாட்சியர் அனுமதியுடன் விவசாயிகள் வண்டல் அள்ளும் குளமாக இருந்தால், மே மாதத்தில் உங்கள் மீனுக்காக எவரும் காத்திருக்க மாட்டார்கள்.

கட்லா, ரோகு, மிருகால் ஆகிய பெருங்கெண்டைகள் விரல் நீளக் குஞ்சிலிருந்து விற்கத் தக்க எடையை எட்டுவதற்கு எட்டு முதல் பத்து மாதங்கள் பிடிக்கும். உங்கள் குளத்தில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் நீர் நிற்குமானால், பன்னிரண்டு மாதத்துக்குப் பணம் கட்டி ஏழு மாதம் மீன் வளர்க்கிறீர்கள் என்று பொருள். அப்படிப்பட்ட குளத்தை எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. அதற்கேற்ற தொகையில் எடுக்க வேண்டும், அதற்கேற்ற குஞ்சை விட வேண்டும்.

3. உச்சவரம்பை வீட்டிலேயே எழுதி முடியுங்கள்

முந்தைய மூன்று ஆண்டுகளில் குளம் எவ்வளவுக்குப் போனது என்பது அடிப்படைத் தகவல். வாயால் கேட்டுக் கிடைக்காவிட்டால், தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஏலத்தொகை, குத்தகைதாரர் முழுத்தொகையையும் கட்டினாரா, வைப்புத்தொகை திரும்பத் தரப்பட்டதா ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு என்பதால் இந்த மனு ஏப்ரலிலேயே போய்விட வேண்டும்.

கணக்கு இப்படிப் போகும். தீவனம் அதிகம் போடாத ஊர்க்குளத்துக்கு ஹெக்டேருக்கு 5,000, அதாவது ஏக்கருக்கு 2,000 குஞ்சுகள் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. ஐந்து ஏக்கர் நீர்ப்பரப்புக்கு 10,000 குஞ்சுகள். அவற்றில் பாதி கைக்கு வருமென்றும், ஒன்று அரைக் கிலோ தேறுமென்றும் வைத்தால் 2,500 கிலோ. இதைக் கடைத்தெருவின் சில்லறை விலையால் பெருக்காதீர்கள். கரையில் வந்து எடுக்கும் வியாபாரி தரும் விலையால் பெருக்குங்கள். அதிலிருந்து குஞ்சு விலை, ஏற்றுக்கூலி, வலைக்காரர் பங்கு, காவல் கூலி, தவிடு, பிண்ணாக்கு, வெங்காயத்தாமரை அகற்றும் செலவு ஆகியவற்றைக் கழியுங்கள். ஏலத்தொகை, எதிர்பார்க்கும் மொத்த விற்பனையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் விலகிவிடுவேன்; இது சட்டமோ விதியோ அல்ல, என் அளவுகோல்.

வங்கிக் கடனை நம்பி ஏலம் கேட்காதீர்கள். உழவர் கடன் அட்டை 2018-19 முதல் மீன் வளர்ப்போருக்கும் நீட்டிக்கப்பட்டு, 7 சதவீத வட்டியில் கிடைக்கிறது; தவணை தவறாமல் கட்டினால் அது 4 சதவீதமாகக் குறையும். ஆனால் வங்கி கேட்கும் முதல் ஆவணமே குத்தகை ஆணை. அது ஏலம் முடிந்த பிறகுதான் உங்கள் கைக்கு வரும். ஆகவே கடனைக் குஞ்சுக்கும் தீவனத்துக்கும் வைத்துக்கொண்டு, ஏலத்தொகையைக் கையிருப்பிலிருந்து கட்டத் திட்டமிடுங்கள். பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதமும், மகளிர், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பெரும்பாலும் புதிய குளம் வெட்டுவது போன்ற பணிகளுக்கானது. ஓராண்டு ஏலக் குளத்துக்கு அதை எதிர்பார்த்து உட்கார வேண்டாம்.

4. ஆவணங்களை மே மாதத்துக்குள் சேர்த்துவிடுங்கள்

அறிவிப்பு வெளியான பிறகு ஏலத்துக்கு இருக்கும் இடைவெளி சிறியது. ஊராட்சி அறிவிப்புப் பலகை, ஒன்றிய அலுவலகப் பலகை, கோயில் வாசல், நாளிதழின் உள்ளூர்ப் பக்கம் ஆகிய இடங்களில் அறிவிப்பு வரும். பெரிய ஏரிகளுக்கு மாவட்ட இணையதளத்திலும் அரசின் ஒப்பந்தப்புள்ளி இணையதளத்திலும் வெளியாகும். ஊராட்சி எழுத்தரிடம் உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்து வைப்பதில் தவறில்லை. அதை மட்டும் நம்பியிருப்பதில்தான் தவறு.

ஆதார், குடும்ப அட்டை, பான் அட்டை, புகைப்படம், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவை எல்லா இடத்திலும் கேட்கப்படுபவை. பல அறிவிப்புகளில் சொத்து மதிப்புச் சான்றிதழும் இருக்கும். இதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மையக் கட்டணம் 60 ரூபாய்தான், ஆனால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலே செல்லும் கோப்பு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. பட்டா உங்கள் தாத்தா பெயரிலேயே இருந்தால் இந்தச் சான்று கிடைப்பது கடினம். பட்டா மாற்றத்தை முன்னதாகவே முடியுங்கள். வீட்டுவரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவற்றில் பாக்கி இல்லை என்பதற்கான ரசீதும், முன்பு குத்தகை எடுத்திருந்தால் நிலுவையில்லாச் சான்றும் கையில் இருக்கட்டும். மகளிர் குழு என்றால், ஏலத்தில் கலந்துகொள்ள இன்னாருக்கு அதிகாரம் அளிக்கிறோம் என்ற தீர்மான நகலில் எல்லா உறுப்பினரின் கையொப்பமும் வேண்டும்.

மின்னணு ஒப்பந்தப்புள்ளியாக இருந்தால் டிஜிட்டல் கையொப்பச் சாதனம் தேவைப்படும். அதை வாங்கிக் கணினியில் பதிந்து சோதித்துப் பார்க்கவே பல நாள் ஆகலாம். கடைசி நாளன்று இணையதளம் மெதுவாகிவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஏலத்தில் கலந்துகொள்ள முன்கூட்டியே கட்டும் டேவணித் தொகையை ரொக்கமாகவா, வங்கி வரைவோலையாகவா, எந்தப் பெயருக்கு என்பதை அறிவிப்பில் உள்ள எழுத்து மாறாமல் பின்பற்றுங்கள். 'தனி அலுவலர்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'தலைவர்' என்று எடுத்துவந்த வரைவோலையை ஏற்க மறுத்து அனுப்பியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

5. ஏல நாளன்று

ஏல நிபந்தனைகளைத் தொடங்கும் முன்பு வாசிப்பார்கள். பலர் அந்த நேரத்தில் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள். முழுத்தொகையையும் அன்றே கட்ட வேண்டுமா அல்லது தவணை உண்டா, ஏலத்தொகைக்கு மேல் வரி தனியாக வருமா, ஏலம் கேட்ட தொகையை உறுதிப்படுத்தும் அதிகாரி யார், தண்ணீர் வராவிட்டால் தொகையில் தள்ளுபடி உண்டா ஆகிய நான்கும் தெளிவாகத் தெரிய வேண்டும். நான்காவதற்கு 'இல்லை' என்பதே வழக்கமான பதில். வறட்சி, வெள்ளம் இரண்டும் குத்தகைதாரர் தலையில்தான் விழும்.

ஏலத்துக்கு முந்தைய இரவு 'நமக்குள் பேசிக்கொள்ளலாம்' என்று அழைப்பு வரலாம். கூட்டுச் சேர்ந்து குறைத்துக் கேட்டால் ஏலம் ரத்தாகி மறு ஏலத்துக்குப் போகும். இடையில் போவது உங்கள் நீர்க்காலம். இதற்கு நேர்மாறான பொறி ஒன்றும் உண்டு. எடுக்கும் எண்ணமே இல்லாமல் தொகையை ஏற்றிவிட்டு நிறுத்திக்கொள்பவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். எழுதி வைத்த எண் வந்ததும் வாயை மூடிக்கொள்வது அவரிடமிருந்து தப்பும் ஒரே வழி.

6. ஒப்பந்தம் கையில் வராமல் குஞ்சு விடாதீர்கள்

பணம் கட்டிய ரசீது மட்டும் உரிமை ஆகாது. உறுதிப்படுத்திய ஆணையும், முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தமும் வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அந்தச் செலவு உங்களுடையது. புல எண், பரப்பு, தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகியவற்றை வரிவரியாகச் சரிபாருங்கள். எழுத்தர் முந்தைய ஆண்டின் படிவத்தையே நகலெடுத்துப் பசலி எண்ணை மாற்ற மறந்திருப்பார்.

ஒப்பந்தத்தில் உங்களுக்குக் கிடைப்பது மீனின் மீதான உரிமைதான், தண்ணீரின் மீது அல்ல. மதகைத் திறக்கவோ அடைக்கவோ, மோட்டார் வைத்து நீரை இறைக்கவோ உங்களுக்கு அதிகாரம் கிடையாது. உள்குத்தகை விடக் கூடாது. வெடி, விஷம் இரண்டையும் மீன் பிடிக்கப் பயன்படுத்துவது 1897ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். படகு விட்டுக் கட்டணம் வாங்கும் எண்ணம் இருந்தால் அது இந்தக் குத்தகைக்குள் அடங்காது. தனி அனுமதி வேண்டும்.

7. குஞ்சு வாங்குவதும் விடுவதும்

தஞ்சாவூர் கரந்தையிலும் காட்டுமன்னார்கோவில் அருகே லால்பேட்டையிலும் அரசு மீன் பண்ணைகள் உள்ளன. தேவைப்படும் எண்ணிக்கையை எழுதிக் கொடுத்து முன்பதிவு செய்யுங்கள்; ஆடி, ஆவணியில் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். தனியார் பண்ணையில் வாங்கினால், எண்ணிக்கையை ஒரு பைக்கு மட்டுமாவது உங்கள் கண் முன்னால் எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். கலப்பில் ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்துவிடக் கூடாது. அது தடை செய்யப்பட்ட இனம், குளத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் தின்றுவிடும்.

நான்கு பங்கு கட்லா, மூன்று பங்கு ரோகு, மூன்று பங்கு மிருகால் என்ற கலவை மேல்நீர், இடைநீர், அடிநீர் மூன்றையும் பயன்படுத்தும். கடைமடைக் குளத்துக்கு, நெருக்கமாக விட்டு வளர்ச்சியை அடக்கி வைத்திருக்கும் ஓராண்டுக் குஞ்சு கிடைத்தால் விலை கூடுதலானாலும் அதையே வாங்குங்கள். புது நீர் கண்டதும் அது வேகமாக வளர்ந்து, குறைந்த மாதத்தில் எடை கட்டும். சிறு குஞ்சை விட்டால் விரால், குரவை, நீர்க்காகம் ஆகியவற்றுக்குத் தீனி போட்டதாகிவிடும். பழைய மீனை ஒழிக்க இலுப்பைப் பிண்ணாக்கு போடுவது தனிக்குளத்துக்குச் சரி. ஆடுமாடு குடிக்கும், மக்கள் குளிக்கும் குளத்தில் அதை நினைக்காதீர்கள்.

பையைத் திறக்காமல் கால்மணி முதல் அரைமணி நேரம் குளத்து நீரில் மிதக்கவிட்டு, பின்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குளத்து நீரைப் பைக்குள் விட்டுப் பழக்கி, காலையிலோ மாலையிலோ விடுங்கள். அதற்கு முன்பு கலிங்கிலும் (மிகை நீர் வழியும் இடம்) வரத்து வாய்க்காலிலும் மூங்கில் தட்டி அல்லது வலை கட்டியிருக்க வேண்டும். கார்த்திகை மழையில் குளம் வழியும்போது தட்டியில் குப்பை அடைத்து நீர் வயலுக்குள் ஏறினால், விவசாயிகள் தட்டியைப் பிடுங்கி எறிவார்கள்; மழை நாளில் இரவும் ஆள் நின்று குப்பையை வாருங்கள்.

8. ஊரோடு ஒத்துப்போவது

ஏலம் எடுத்த நாளிலிருந்து அது உங்கள் குளம் என்ற எண்ணம் வரும், ஊருக்கு வராது. சிறுவர்கள் தூண்டில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கும்பகோணத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் இருசக்கர வண்டியில் தூண்டிலோடு ஆட்கள் வருவார்கள். ஊர்ச் சிறுவர்களின் தூண்டிலைத் தடுக்காதீர்கள். அவர்கள் பிடிப்பது பெரும்பாலும் ஜிலேபியும் கெளுத்தியும்தான், இரவில் வலை போடுபவனைப் பற்றி முதலில் சொல்பவர்களும் அவர்கள்தான். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு கரையை ஒதுக்கி, ஒரு தூண்டில் மட்டும், வலை கூடாது என்று சொல்லி அனுமதிக்கலாம். கட்டணம் வாங்க ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். படித்துறையில் வலை கட்டுவதும், திருவிழாத் தெப்பத்தின்போது பரிசலை நடுக்குளத்தில் நிறுத்துவதும் வீண் சண்டைக்கு வழி.

பூச்சிமருந்து தெளித்த வயலின் வடிநீர் குளத்தில் கலக்கிறதா என்று பாருங்கள். வானம் மேகமூட்டமாக இருக்கும் நாள்களின் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்தால் பிராணவாயு குறைந்திருக்கிறது. தீவனத்தை நிறுத்தி, முடிந்தால் புது நீர் விடச் செய்யுங்கள்.

9. பிடிப்பு, விற்பனை, வைப்புத்தொகை

புரட்டாசியிலும், சபரிமலைக்கு மாலை போடும் கார்த்திகை, மார்கழியிலும் மீன் விலை படுத்துவிடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. கடல்மீன் வரத்துக் குறைந்து குளத்து மீனுக்குக் கேட்பு ஏறும் காலம் அது. உங்கள் குளத்தில் அதுவரை நீர் நின்றால் பெரும்பகுதியை அப்போது பிடியுங்கள். நிற்காதென்றால் மாசியிலிருந்து பெரியதை மட்டும் எடுத்து, சிறியதை விட்டு, நீர் வற்ற வற்றத் தொடர்ந்து பிடிப்பதே நல்லது. கடைசியாக ஒரே நாளில் வற்றவைத்துப் பிடிக்கலாம் என்று காத்திருந்தால், அந்த நாளில் ஊரே ஊத்தாவோடு (மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் கூடை) இறங்கிவிடும்.

வலைக்காரர்களிடம் கிலோவுக்குக் கூலியா, பிடிப்பில் பங்கா என்பதை முன்பே பேசி, வியாபாரியின் தராசை உங்கள் தராசால் சரிபாருங்கள். தஞ்சாவூர் கீழவாசல் மீன் சந்தை போன்ற இடங்களின் அன்றைய மொத்த விலையைக் காலையில் விசாரித்துவிட்டுக் கரைவிலை பேசினால் ஏமாற வாய்ப்புக் குறைவு.

ஜூன் 30க்குப் பிறகு குளத்தில் எஞ்சியிருக்கும் மீன் உங்களுடையது அல்ல. தட்டி, வலை, காவல் கொட்டகை எல்லாவற்றையும் அதற்குள் அகற்றி, அகற்றியதைத் தேதியோடு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை முதல் வாரத்திலேயே வைப்புத்தொகையைத் திரும்பக் கேட்கும் மனுவை, பணம் கட்டிய ரசீதுகளின் நகலோடு கொடுத்து, மனுவின் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள். அலுவலர் மாறிப்போனால் அந்தப் பிரதியைக் காட்டித்தான் உங்கள் கோப்பைத் தேடச் சொல்ல முடியும்.